சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

பவர் பிரஸ் வைத்துப் பிழைக்கிறவன் இரண்டு பேருக்குப் பயந்தாக வேண்டும்: ஒன்று அந்த மெஷினுக்கு, இன்னொன்று அந்த மெஷினைப் பார்க்க வரும் ஆபீசருக்கு.

லேத் பட்டறையோ வெல்டிங் கடையோ ஏதோ ஒன்றை நடத்திக்கொண்டு, 'சேஃப்டி' என்ற வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் சக முதலாளிகளே, இது உங்களுக்காக எழுதுவது. தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, சில பிரஸ் மெஷின்களைப் போட்டு, இரும்புத் தகட்டில் சின்னச் சின்னப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஊரில் பாதி சனத்தைப் போல நானும் விடியற்காலையில் ரயிலேறி, பங்காருபேட்டை தாண்டி பெங்களூர் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பியவன்தான். என் பிள்ளைகள் விழித்திருக்கும்போது எப்படி இருப்பார்கள் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தெரியும். என்னிடம் வேலை செய்கிறவர்களும் அதே ரயிலிலிருந்து இறங்கி வந்தவர்கள்.

போன வருஷம் பெங்களூர் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தருகிறேன் என்றது. அவர்களுடைய சேஃப்டி ஆபீசர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பழைய ஆர்டர்கள் வற்றிக்கொண்டிருந்த நேரம். இது கைநழுவினால் ஷெட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் மறுபடி ரயிலேற வேண்டியதுதான். வந்த ஆபீசர் ஸ்பூர்த்தி மேடத்துக்கு என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். கன்னடப் பெண், தமிழும் ஓரளவு பேசுவார். ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஷூவிலிருந்து அபாயச் சங்கு வரை என்னென்ன வேண்டும் என்று சொல்லிப் போனார். இத்தனைக்கும் செலவாகுமே, பீஸ் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். அந்த ஒரு விஷயம் மட்டும் அவர்கள் காதில் விழவே இல்லை.

புது ஷூ

முதலில் ஷூ வாங்கினேன். முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது, கனமாக, கறுப்பாக, கலெக்டர் போட்டால்கூடக் கம்பீரமாக இருக்கும். எல்லோர் காலையும் அளந்து, நானே பெங்களூர் போய் வாங்கி வந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் ஷெட்டுக்குள் வந்து பார்த்தால் அத்தனை பேரும் ரப்பர் செருப்பில் நிற்கிறார்கள்.

விசாரித்தேன். ஒருவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போடலாம் என்று பெட்டியோடு பீரோவில் வைத்திருந்தார். சரஸ்வதி புதுப்பொருளைச் செவ்வாய்க்கிழமை தொடக் கூடாது என்றாள். முனுசாமியைக் கேட்டபோது மேலே கூரையைப் பார்த்தார். முனுசாமி என்னைவிட மூத்தவர், என் முதல் மெஷினை லாரியிலிருந்து இறக்கிய நாளிலிருந்து கூட இருப்பவர். சுரங்கக் காலத்து அதிகாரிகளைக் கூப்பிட்ட மாதிரி என்னைத் 'தொர' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. அவருடைய மகனுக்கு அன்று பெங்களூரில் இன்டர்வியூ. பையனிடம் நல்ல ஷூ கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கால் மேல் தகடு விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"என் காலு இங்க உன் கண்ணு முன்னாடி கீது தொர, பத்திரமா இருக்கும். அவன் காலுதான் இன்னைக்கி வெளியூர்ல கீது."

மாஸ்க்

சரஸ்வதிக்கு எல்லாவற்றின் மேலும் குறை. ஷூ கனம், கையுறை வியர்க்கிறது, கண்ணாடி மூக்கை அழுத்துகிறது. பெங்களூர் கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரே காரணத்துக்காக அதை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். நறுக்கென்று பேசுவாள், வேலையில் கெட்டி. ஆனால் தூசுக்குப் போடும் மாஸ்க்கைப் பற்றி மட்டும் அவள் வாயிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. கிரைண்டிங் வேலை முடிந்து பிரஸ்ஸுக்கு வந்த பிறகும் கழற்ற மாட்டாள். முனுசாமி அவளை டாக்டரம்மா என்று கேலி செய்தார்.

கிரைண்டிங் செய்யும்போது மட்டும் போட்டால் போதும்மா, இங்கே தூசு கிடையாது என்று ஒரு நாள் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவள் அப்பா நினைவுக்கு வந்தார். சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கல்தூசு நெஞ்சில் படிந்து, கடைசிக் காலத்தில் படுத்துத் தூங்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தார். பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர் முதுகுக்குத் தலையணை மாற்றி வைத்தது சரஸ்வதிதான். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு சுவர் உண்டு. நான் அசட்டுத்தனமாகப் பேசிவிட்டேனே என்று நின்றேன். அவள் மெஷினை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"எங்க நைனாவுக்கு இத்த யாரும் குடுக்கல அண்ணா. எனக்கு நீங்க குடுத்துட்டீங்க, நான் போட்டுக்கினு போறேன்."

எச்சில் தொட்டி

எச்சில் துப்பத் தொட்டி வைக்க வேண்டும் என்று ஒரு விதி. நம்ப மாட்டீர்கள், உண்மைதான். மண் நிரப்பிய ஒரு தொட்டியை வாசல் பக்கம் வைத்தேன். எங்களில் வெற்றிலை போடுகிறவர் முனுசாமி ஒருவர்தான். அவரும் வழக்கம்போல வேலிக்கு அந்தப் பக்கம் போய்த்தான் துப்பினார். புதுத் தொட்டியைப் பார்த்தால் துப்ப மனசு வரவில்லையாம். சும்மா கிடந்த மண்ணில் சரஸ்வதி ஒரு சாமந்தி நாற்றை நட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை மெஷினுக்கு வைக்கப் பூ ஆகும் என்று கணக்கு.

நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் ஸ்பூர்த்தி மேடம். எச்சில் தொட்டி எங்கே என்றார். நான் காட்டினேன். மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. அவர் குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாராட்டு கன்னடத்தில் வந்தது, உத்தரவு தமிழில்.

"பூ ரொம்ப சென்னாகிதே சார். துப்புறதுக்கு இன்னொரு தொட்டி வெச்சிடுங்க."

கூண்டு

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி பிரஸ்ஸுக்கு முன்னால் போட்ட கம்பிக் கூண்டு. தகடு மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து இருக்கும், விரல் நுழையாது. கூண்டு இல்லாதபோது கையை உள்ளே விட்டு, பீஸை எடுத்து, அடுத்ததை வைத்து, கால் பெடலை மிதித்து, கண் மூடித் திறப்பதற்குள் வேலை நடக்கும். கூண்டு வந்த பிறகு பீஸ் சிக்கினால் மோட்டாரை நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, எடுத்து, மறுபடி மாட்ட வேண்டும். வேலை பாதியாகக் குறைந்தது. கையிலிருந்த ஒன்றிரண்டு ஆர்டர்களும் தள்ளிப்போய் போனில் நான் திட்டு வாங்கினேன். இந்தக் கூண்டைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு மாதம் என் ஷெட்டைக் கொடுத்து நடத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று லில்லியிடம் சாப்பாட்டு வேளையெல்லாம் புலம்பினேன். லில்லி என் மனைவி, அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் முனுசாமியின் மெஷினிலிருந்து பழைய வேகத்தில் சத்தம் வந்தது. சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கூண்டு மூலையில் சுவரோரம் நின்றது. அதன் மேல் அவருடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சத்தம் போட்டேன். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அடித்த பீஸுக்குத்தான் கூலி என்று வைத்திருந்தது நான். அப்படி வைத்தால் எந்தக் கூண்டும் நிற்காது. அந்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் மாதச் சம்பளம் என்று மாற்றினேன். இந்த விதியால் முதலாளிக்கு வரும் சுமை கூண்டின் விலை மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முனுசாமி மட்டும் கடைசி வரை தப்பை ஒத்துக்கொள்ளவில்லை.

"கழட்டல தொர. அதுக்கும் கொஞ்சம் காத்தாட்டும்னு வெளிய வெச்சேன்."

தானாக விழுந்த அடி

பிரஸ் மெஷின் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மிதிக்கு ஒரு அடி விழ வேண்டும். உள்ளே அடியை விட்டுப் பிடிக்கும் கிளட்ச் சாவி தேய்ந்துவிட்டால், மிதிக்காமலே தானாக இன்னொரு அடி விழும். எப்போது விழும் என்று எந்தச் சாமியாராலும் சொல்ல முடியாது. விழும்போது கை உள்ளே இருந்தால் அதோடு முடிந்தது.

அன்று சரஸ்வதியின் மெஷினில் பீஸ் சிக்கியது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம், கை தானாக உள்ளே போகப் பார்த்தது. கம்பியில் இடித்துக்கொண்டு, "சனியனே" என்று கூண்டைத் திட்டினாள். திட்டி முடிக்கவில்லை, மேலிருந்து அடி விழுந்தது. யாரும் பெடலை மிதிக்கவில்லை. சிக்கியிருந்த தகடு அப்பளம் மாதிரி நசுங்கியது. ஓடிப் போய் மெயினை அணைத்தேன். ஷெட்டில் எல்லா மெஷினும் ஒவ்வொன்றாக நின்றது. சரஸ்வதி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டியில் கம்பி இடித்த சிவப்பு மட்டும் இருந்தது. என்னை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவர் முனுசாமி.

பழுது பார்க்கிறவர் வந்து புதுச் சாவி போடும் வரை அந்த மெஷினைப் பூட்டி வைத்தோம். மறுநாள் சரஸ்வதி குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து, கூண்டின் நடுக் கம்பியில் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தாள். நான் சர்ச்சுக்குப் போகிறவன், இருந்தாலும் பக்கத்தில் கை கட்டி நின்றேன். என் மனசிலும் அன்று அதே பக்திதான். முனுசாமி தன் மெஷின் கூண்டின் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு வந்து நின்றார். சரஸ்வதி என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"தெனமும் திட்டிக்கினே இருந்தேன் அண்ணா. திட்டு வாங்கிக்கினே என் கைய காப்பாத்திட்சி."

முதல் ஒத்திகை

ஆர்டருக்கு முன் கடைசிப் பரீட்சை தீ விபத்து ஒத்திகை. சங்கு ஊதியதும் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு, வரிசையாக வாசல் வழியே வெளியேறி, எதிரே வேப்பமரத்தடியில் கூட வேண்டும். மற்றதெல்லாம் தேறிவிட்டது. இதுவும் முடிந்தால் ஆர்டர் கையில். கடையில் நல்ல சத்தமுள்ள சங்காகக் கேட்டு வாங்கி மாட்டினேன். வேலையாட்களுக்கு நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். தெருவுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பூர்த்தி மேடம் ஸ்டாப் வாட்சோடு நின்றார். சங்கு ஊதியது. என் ஆட்கள் அழகாக மெஷினை நிறுத்தி, வரிசையாக வாசலுக்கு வந்தார்கள். வாசலில் வழி இல்லை. தெருவில் வரிசையாக இருக்கும் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்து வாசலை அடைத்து நின்றார்கள். ஒருத்தி கையில் கரண்டி, ஒருத்தி பாதி கட்டிய புடவையோடு, பலர் காலில் செருப்பில்லை. என் லில்லி சோப்பு நுரை வழியும் கையோடு நின்றாள். ஒத்திகை நடக்கும் என்று அவளுக்கு நானே காலையில் சொல்லியிருந்தேன். தெரியும், ஆனால் சத்தம் கேட்டதும் கால் நிற்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். மற்ற ஊர்களில் அபாயச் சங்கு ஊதினால் சனம் அந்த இடத்தை விட்டு ஓடும். எங்கள் ஊரில் நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால், கீழே சுரங்கத்தில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுப் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலை நோக்கி ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும் வரை அங்கேயே நிற்பார்கள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அம்மா அப்படி நின்றது எனக்கே நினைவிருக்கிறது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவள் முனுசாமியின் மனைவி கண்ணம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது. தீயா, புகையா, என்ன ஆச்சு என்று அவள் எதையும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அந்தக் காலத்தில் ஷாஃப்ட் வாசலில் கேட்கும் ஒரே வார்த்தையைக் கேட்டாள்.

"யாரு?"

எங்கே நிற்பது

வாசல் அடைபட்டதால் ஒத்திகை தேறவில்லை. ஸ்பூர்த்தி மேடம் வருத்தத்தோடுதான் சொன்னார். நிஜமாகத் தீப்பிடித்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்திருக்கவே முடியாது என்றார். நியாயம்தான். ஒரு வாரத்தில் இன்னொரு வாய்ப்பு, அதிலும் தவறினால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும். அன்று சாயங்காலம் சரஸ்வதி என்னிடம், பெங்களூர் ரயில் பாஸ் இப்போது என்ன விலை என்று மெதுவாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்களையெல்லாம் ஷெட்டுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, அடுத்த முறை சங்கு ஊதினால் யாரும் வரக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அவர்கள் டீயைக் குடித்தார்கள். வர மாட்டோம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. கண்ணம்மா மட்டும், சங்கு ஊதினால் வீட்டில் குந்திக்கொண்டு பருப்பு தாளிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் ஸ்பூர்த்தி மேடத்துக்கு போன் போட்டு, அவர்கள் ஏன் ஓடி வந்தார்கள் என்ற கதையை முழுசாகச் சொன்னேன். எத்தனை பேர் வருவார்கள், எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

"வரவேண்டாம்னு சொல்லாதீங்க சார். எல்லி... எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

இரண்டாவது ஒத்திகை

வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், நீளமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். பெண்கள் அந்தக் கோட்டுக்குப் பின்னால், வேலையாட்கள் வேப்பமரத்தடியில், நடுவில் ரோடு காலியாக இருக்க வேண்டும். கண்ணம்மா ஒரு நாள் முன்னாடியே வந்து, அங்கிருந்து பார்த்தால் முகம் தெரிகிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

சங்கு ஊதியது. அவர்கள் ஓடித்தான் வந்தார்கள். ஓடி வந்து கோட்டில் நின்றார்கள். லில்லி, கண்ணம்மா, சரஸ்வதியின் அத்தை, யார் காலும் கோட்டைத் தாண்டவில்லை. என் ஆட்கள் தடங்கலில்லாமல் வெளியே வந்து மரத்தடியில் கூடினார்கள். பேர் கூப்பிட்டேன், எல்லோரும் இருந்தார்கள். ஸ்பூர்த்தி மேடம் வாட்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆர்டர் நமக்குத்தான் சார் என்றார். இனி யாரும் ரயிலேற வேண்டாம் என்ற நினைப்பில் எனக்குக் கண் கலங்கியது. சரி, எல்லோரும் உள்ளே போங்கள் என்றேன்.

யாரும் நகரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெண்கள் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் பார்த்தது அவர்களுக்குப் போதவில்லை. பிரஸ் வேலையில் அடி படுகிற இடம் எது என்று அவர்களுக்குத் தெரியாதா. முனுசாமிக்குத்தான் அது முதலில் புரிந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அதைப் பார்த்து சரஸ்வதி தூக்கினாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன், எதற்கென்று கேட்காதீர்கள், எதிரே லில்லி நின்றாள். ஸ்பூர்த்தி மேடம் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு கையாக நிதானமாகப் பார்த்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

"எல்லாம் கீது. போயி வேலயப் பாருங்க."

சட்டத்தில் எங்காவது ஒரு சந்து கிடைக்காதா என்று தேடும் சக முதலாளிகளே, தேடுங்கள், கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் எங்கள் தெருப் பெண்களிடம் ஒரு விரல் குறைத்துக் கணக்குக் காட்ட எந்த முதலாளிக்கும் சந்து கிடையாது.